பெயர், நிறம், மௌனம்: ஹாரி பாட்டர் மாந்தர்களின் வம்சாவளி

ஜே.கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் நாவல்கள் 1997 முதல் 2007 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்தன. கதை நடக்கும் காலம் அதற்குச் சற்று முந்தையது. இரண்டாம் தொகுதியில் ஓர் ஆவி தன் ஐந்நூறாவது நினைவுநாளுக்கு விருந்து வைக்கிறது. அது உயிர்விட்ட ஆண்டு 1492. இந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு, ஹாரி ஹாக்வார்ட்ஸ் பள்ளியில் சேர்ந்தது 1991 என்று கணக்கிட்டுவிடலாம். பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இனக்குழுவைப் பற்றி முதன்முதலாகக் கேள்வி கேட்டதும் அதே ஆண்டில்தான். அப்போது வெள்ளையர் அல்லாதோர் மொத்த மக்களில் ஏறத்தாழ 5.5 விழுக்காடு. ஹாரியின் வகுப்புக்கென்று ரௌலிங் தொடக்கத்திலேயே நாற்பது பெயர்களை எழுதி வைத்திருந்தார். 2001இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் அந்தத் தாளைக் காட்டினார். சராசரிக் கணக்கில் நாற்பது பேரில் இருவர் வெள்ளையர் அல்லாதவராக இருக்கலாம். நாவல்களில் குறைந்தது நால்வர் தெரிகிறார்கள்: பார்வதி பாட்டீல், அவளுடைய இரட்டைச் சகோதரி பத்மா, டீன் தாமஸ், பிளேஸ் ஸபீனி. வேறு வகுப்புகளில் சோ சாங், ஏஞ்சலினா ஜான்சன், லீ ஜோர்டன். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ரௌலிங் கஞ்சத்தனம் காட்டவில்லை. கஞ்சத்தனமெல்லாம் விவரத்தில்தான். இந்த ஏழு பேரின் பெற்றோர் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், வீட்டில் என்ன மொழி பேசினார்கள், என்ன சமைத்தார்கள் என்று நாவல்கள் ஏறக்குறைய எதுவுமே சொல்வதில்லை. வாசகர்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஊகித்துக்கொண்டிருப்பது இந்த மௌனத்தால்தான்.

ஊகத்துக்குக் கிடைக்கும் சான்றுகள் ஒரே தரத்தவை அல்ல. கதை வாக்கியம் நேராகச் சொல்வது ஒன்று. பெயர் குறிப்பால் உணர்த்துவது அதற்கு அடுத்த படி. புத்தகம் அச்சேறிய பிறகு ஆசிரியர் சொல்வதும், திரைப்படத்துக்கு நடிகர்களைத் தேர்ந்தவர்கள் முடிவுசெய்வதும் வேறு இனம். வாசகர் விவாதங்களில் இவையெல்லாம் கலந்துவிடுகின்றன. திரையில் பார்த்த முகத்தைப் புத்தகத்தில் படித்ததாகவே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

நேரடி வருணனை மிகக் குறைவு, வந்தாலும் தாமதமாகவே வருகிறது. ஏஞ்சலினா முதல் தொகுதியிலேயே, துடைப்பத்தில் பறந்து ஆடும் குவிடிச் அணியில் ஆடுகிறாள். அவள் உயரமான கறுப்பினப் பெண் என்பது நான்காம் தொகுதியில்தான் தெரியவருகிறது. லீ ஜோர்டனுக்குச் சடைப்புரிகளாகத் திரித்த முடி என்று முதல் தொகுதி சொல்கிறது. அந்த முடி ஒன்றை வைத்தே எல்லோரும் அவனைக் கரீபியன் வழிவந்தவனாக எடுத்துக்கொண்டார்கள். பிளேஸ் ஸபீனியின் கதை இன்னும் வேடிக்கையானது. 1997இல் அவன் பட்டியலின் கடைசியில் வரும் வெறும் பெயர். ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. அதனால் சில மொழிபெயர்ப்புகளில் அவன் பெண்ணாகிவிட்டான். எட்டு ஆண்டுகள் கழித்து, 2005இல், ஆறாம் தொகுதியில் உயரமான கறுப்பின இளைஞனாக வந்து நின்றபோது அந்த மொழிபெயர்ப்பாளர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

டீன் தாமஸ் வழக்கில் இரண்டு பதிப்புகளே முரண்படுகின்றன. முதல் தொகுதியில் புதிய மாணவர்களை நான்கு இல்லங்களுக்குப் பிரிக்கும் காட்சி உண்டு. 1998இல் வந்த அமெரிக்கப் பதிப்பில் அந்தக் காட்சியில் டீன் அழைக்கப்படுகிறான். கறுப்பினச் சிறுவன், ஹாரியின் நண்பன் ரானைவிடவும் உயரம் என்ற குறிப்போடு. அதற்கு முந்தைய ஆண்டு வந்த பிரிட்டிஷ் பதிப்பில் அந்த வரி இல்லை. அத்தியாயம் நீண்டுவிட்டது என்று லண்டனில் நடந்த சுருக்கலில் அது போயிற்று. அமெரிக்கப் பதிப்பில் வரி சேர்ந்தபோது அதற்கு முந்தைய வாக்கியத்தை யாரும் திருத்தவில்லை. இன்னும் மூவர்தான் மிச்சம் என்று சொல்லிவிட்டு நான்கு பேரை அழைத்தார்கள். பிற்பாடு எண்ணைச் சரிசெய்தார்கள். ஆக, அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் ஒரே ஆண்டுகளில் அந்தப் புத்தகத்தைப் படித்த சிறுவர்கள் டீனை வெவ்வேறு முகத்தோடு பார்த்திருப்பார்கள். பிரிட்டிஷ் சிறுவனுக்குக் கிடைத்தது, டீன் வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் ரசிகன் என்ற தகவல் மட்டுமே. அதிலிருந்து கிழக்கு லண்டன் வாடையை முகரலாம். தோல் நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த வருணனைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஆசிரியரின் பழக்கம் ஒன்று பிடிபடும். வெள்ளையரை வெள்ளையர் என்று அவர் எழுதுவதே இல்லை. அவர்களுக்குச் செம்பட்டை முடி, முகமெல்லாம் புள்ளி, நீண்ட மூக்கு, மங்கிய கண் என்று வேறு அடையாளங்கள் கிடைக்கின்றன. இன நிறம் சொல்லப்படுவது கறுப்பினத்தவருக்கு மட்டும். எனவே இந்த நாவல்களில் நிறம் சொல்லப்படாதவர் வெள்ளையர் என்பது எழுதப்படாத இலக்கணம். இது ரௌலிங்குக்கு மட்டும் உரியதல்ல. இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்தில் பெரும்பகுதி அப்படித்தான் எழுதப்பட்டது.

இனி பெயர்கள். பத்மா, பார்வதி இரண்டும் இந்தியா முழுவதும் வழங்கும் பெயர்கள். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு முன்பு தெருவுக்கு ஒரு பத்மா இருந்தார். ஒரு வட்டாரத்தைச் சுட்டுவது பாட்டீல் என்ற குடும்பப் பெயர்தான். அது மகாராஷ்டிரத்துக்கும் வட கர்நாடகத்துக்கும் உரியது. கிராமத் தலைவர் பொறுப்பைக் குறித்த சொல் குடும்பப் பெயராக நிலைத்தது. பெயரைக் கேட்டதும் இந்திய வாசகர் அடுத்துத் தேடுவது சாதியை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தத் தேடலுக்கு இந்தப் பெயர் பிடிகொடுக்காது. நம்மூர் மணியக்காரரைப் போல அது ஒரு பதவியின் பெயர். மராத்தாக்களிலும் லிங்காயத்துகளிலும் சமணர்களிலும் பாட்டீல்கள் உண்டு. குஜராத்தின் படேலும் அதே வேரிலிருந்து வந்த சொல் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொண்டு, சகோதரிகளைக் குஜராத்திகள் என்று சொல்வோர் இருக்கிறார்கள். பிரிட்டனில் குடியேறிய இந்தியரில் பஞ்சாபியரும் குஜராத்தியருமே பெருந்தொகை. 1972இல் உகாண்டாவிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களிலும் குஜராத்திகள் மிகுதி. அந்தப் பின்னணியில் படேல் என்ற பெயரே எதிர்பார்க்கக்கூடியது. ரௌலிங் பாட்டீலைத் தேர்ந்ததால் சகோதரிகள் பிரிட்டனில் வாழும் இந்தியருக்குள்ளும் சிறுபான்மை ஆகிவிட்டார்கள். தெரிந்து செய்தாரா என்பதற்குப் புத்தகத்தில் தடயம் இல்லை. நான்காம் தொகுதியின் நடன விருந்தில் பார்வதி பொன்னிழை பின்னிய நீண்ட சடையோடும் பொன் வளைகளோடும் வருகிறாள். சகோதரிகளின் வம்சாவளியைப் பற்றி நாவல்கள் தரும் அதிகபட்ச விவரம் அந்தச் சடையும் வளையும்தான்.

சோ சாங் என்ற பெயர் இதைவிடச் சிக்கலானது. அதிகமாகத் தாக்கப்பட்டதும் அதுவே. சோவும் சாங்கும் குடும்பப் பெயர்கள், அதுவும் ஒன்று கொரியம், மற்றது சீனம். கையில் கிடைத்த இரண்டு கிழக்காசியப் பெயர்களை ஒட்டவைத்திருக்கிறார் என்பது குற்றச்சாட்டு. 2013இல் ஓர் அமெரிக்கக் கல்லூரி மாணவி மேடையில் நிகழ்த்திய கவிதை இந்தக் குற்றச்சாட்டை உலகறியச் செய்தது. குற்றச்சாட்டில் பாதிதான் நிற்கும். மாண்டரின் சீனத்தை ரோமன் எழுத்தில் எழுத முக்கியமான இரண்டு முறைகள் உண்டு: பழைய வேட்-கைல்ஸ், இன்று சீனா பயன்படுத்தும் பின்யின். பழைய முறையில் சாங் என்று எழுதப்படும் குடும்பப் பெயர் சீனர்களிடையே மிகப் பரவலான ஒன்று. தைவானில் இன்றும் அப்படியே எழுதுகிறார்கள். ஹாங்காங்கில் அது சியுங் ஆகும். சோ என்பதும் அதே பழைய முறையில் சீன எழுத்து ஒன்றைக் குறிக்கக்கூடியதே. சீன மொழிபெயர்ப்பாளர்கள் அலட்டிக்கொள்ளவில்லை. ஷாங் என்ற குடும்பப் பெயரையும், இலையுதிர் காலத்தைக் குறிக்கும் எழுத்தையும் இணைத்து அழகான, இயல்பான பெண் பெயராக்கிவிட்டார்கள். எழுத்துமுறையை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் தைவான் தொடர்புள்ள குடும்பம் என்று சொல்லலாம். ஆனால் பிரிட்டனில் வாழும் சீனர்களில் பலரின் வேர் ஹாங்காங்கில் இருக்கிறது. திரைப்படத்தில் சோவாக நடித்த கேட்டி லியுங் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், ஹாங்காங் குடும்பத்தவர். திரையில் சோ பேசுவது ஸ்காட்டிஷ் உச்சரிப்பில். பெயர் தைவானைக் காட்ட, முகம் ஹாங்காங்கைக் காட்ட, பேச்சு ஸ்காட்லாந்தைக் காட்டுகிறது. பிரிட்டனில் வளர்ந்த ஒரு பெண்ணிடம் இவை மூன்றும் சேர்ந்திருப்பதில் வியப்பில்லை. உண்மையான குறை பெயரில் இல்லை: ஹாரியின் முதல் காதலியான அவளுக்கு ஐந்தாம் தொகுதி முழுக்க இடம் இருந்தும், அவள் வீட்டைப் பற்றி வாசகருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

கிங்ஸ்லி ஷாக்கிள்போல்ட் 2003இல் ஐந்தாம் தொகுதியில் வருகிறார்: உயரம், வழுக்கைத் தலை, காதில் பொன்வளையம், நிதானமான கனத்த குரல், கறுப்பினத்தவர். குடும்பப் பெயரின் முற்பாதி விலங்குச் சங்கிலியைக் குறிக்கும் சொல். கறுப்பினத்தவர் ஒருவருக்கு இப்படியொரு பெயரா, அடிமை வணிகம் நினைவுக்கு வராதா என்று கேட்டார்கள். மந்திர உலகின் குற்றவாளிகளைப் பிடிப்பது கிங்ஸ்லியின் தொழில் என்பதையும், தொழிலுக்கேற்பப் பெயர் சூட்டுவது ரௌலிங்கின் வழக்கம் என்பதையும் மறுபக்கம் சொன்னார்கள். இரண்டும் உண்மையே. பெயர் வைத்தவருக்குத் தொழில் தோன்றியிருக்கலாம். படிப்பவருக்குச் சங்கிலி தோன்றுவதை அது தடுக்காது. ஐரோப்பியப் பெயர்களில் இந்தத் தொல்லை குறைவு. குவிடிச் வீரன் விக்டர் க்ரும் பல்கேரியன். ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்கேரியரை ஆண்ட க்ரும் கானின் பெயர் அவனுக்கு வாய்த்திருக்கிறது. ஹாரியின் பள்ளிப் பகைவனான மால்ஃபாயின் குடும்பப் பெயர் பிரெஞ்சு; 1066இல் இங்கிலாந்தை வென்ற வில்லியமோடு அவர்களின் முன்னோர் வந்ததாக ரௌலிங்கே பின்னாளில் எழுதினார். ஹாக்வார்ட்ஸ் ஆசிரியை மெகோனகல் அம்மையார் ஸ்காட்லாந்துக்காரர், ஆனால் அவருடைய குடும்பப் பெயரின் மூலம் அயர்லாந்து. கவிதை எழுதத் தெரியாமலேயே கவிஞராகப் புகழ்பெற்ற வில்லியம் மெகோனகல் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்டிஷ்காரரிடமிருந்து எடுத்த பெயர் அது.

பெயரைக் கொண்டு வம்சத்தை முடிவுகட்டும் வேலையைக் கதைக்குள்ளேயே ஒருவர் செய்திருக்கிறார் என்பது இந்த ஆராய்ச்சியில் ஈடுபடுவோர் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. மந்திர உலகில் தூய ரத்தம், கலப்பு ரத்தம், சாதாரண மனிதருக்குப் பிறந்தவர் என்ற தரப்பிரிவு உண்டு. 1930களில் வெளியான தூய ரத்தக் குடும்பங்களின் பட்டியல் ஒன்றில் இருபத்தெட்டுக் குடும்பங்கள் இடம்பெற்றதாக ரௌலிங் தம் இணையதளத்தில் எழுதினார். அதில் பாட்டர் குடும்பம் இல்லை. குயவரைக் குறிக்கும் அந்தப் பெயர் சாதாரண மனிதரிடையேயும் மலிந்திருந்ததால், பட்டியல் போட்டவருக்கு அவர்கள் ரத்தத்தின்மீது சந்தேகம் வந்துவிட்டது. பெயர் பட்டியலில் இருந்ததற்காகவே சினந்து எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் ரானின் வீஸ்லி குடும்பத்தார். அதே பட்டியலில் ஷாக்கிள்போல்ட் குடும்பமும் இருக்கிறது. மந்திரவாதிகளின் ரத்தவெறி தோல் நிறத்தைப் பார்ப்பதில்லை. கறுப்பினத்தவரான ஸபீனி, தூய ரத்தப் பெருமை பேசும் சிலிதரின் இல்லத்தில் மால்ஃபாயோடு சரிக்குச் சரியாக உட்கார்ந்து மற்றவரை இழிவாகப் பேசுகிறான். நாஜிகள் ஆரிய ரத்தத்தையும் யூத ரத்தத்தையும் பிரித்துக் காட்ட வரைந்த அட்டவணைகளுக்கும் இந்தப் பிரிவுக்கும் உள்ள ஒற்றுமையை ரௌலிங் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். வாஷிங்டனின் இனப்படுகொலை அருங்காட்சியகத்தில் அப்படியோர் அட்டவணையைக் கண்டதாகவும் குறிப்பிட்டார். கதையில் இனவெறிக்கு நிற்கும் உருவகம் ரத்தம்தான். உருவகமே முழுப் பாரத்தையும் சுமந்துகொண்டதால், உண்மையான இனவெறி ஹாக்வார்ட்ஸ் நடைகூடங்களில் தலைகாட்டுவதே அரிது. ஐந்தாம் தொகுதியில் ஏஞ்சலினாவின் பின்னல் முடியைச் சிலிதரின் மாணவி பான்ஸி பார்க்கின்சன் கேலிசெய்யும் இடம் போன்ற ஒன்றிரண்டுதான் விலக்கு.

ஹாரியின் தோழி ஹெர்மயனி பற்றிய சச்சரவு, ஆசிரியரின் பிற்காலக் கூற்றுக்கு எவ்வளவு எடை தரலாம் என்ற கேள்வியை முன்னுக்குக் கொண்டுவந்தது. 2015 டிசம்பரில், லண்டனில் அரங்கேறவிருந்த நாடகத்தில் வளர்ந்த ஹெர்மயனியாக நோமா டுமெஸ்வேனி நடிப்பார் என்று அறிவிக்கப்பட்டது. அவர் தென்னாப்பிரிக்கப் பெற்றோருக்கு ஸ்வாசிலாந்தில் பிறந்து சிறுவயதில் இங்கிலாந்துக்கு வந்தவர். எதிர்ப்புக் கிளம்பியதும், பழுப்புக் கண், சுருண்டு பரந்த முடி, கூரிய அறிவு என்பதுதான் புத்தகத்தில் உள்ளது, வெள்ளைத் தோல் என்று எங்கும் எழுதவில்லை என்ற பொருளில் ரௌலிங் ட்விட்டரில் பதிலளித்தார். எதிர்த்தவர்கள் மூன்றாம் தொகுதியைப் புரட்டி, ஒரு மரத்தின் பின்னாலிருந்து ஹெர்மயனியின் வெளுத்த முகம் எட்டிப் பார்க்கும் வாக்கியத்தைக் கொண்டுவந்தார்கள். ஆதரித்தவர்கள் அதே தொகுதியின் தொடக்கத்தைக் காட்டினார்கள். விடுமுறைக்குப் பின் அவள் நன்றாகப் பழுப்பேறியிருந்தாள் என்று அங்கே இருக்கிறது. இரண்டும் சான்றாகாது. முதலாவது அச்சத்தில் வெளிறிய முகமாக இருக்கலாம். இரண்டாவது பிரான்ஸ் நாட்டு வெயில். தீர்மானிக்க உதவுவது முன்பு கண்ட இலக்கணம். கறுப்பினத்தவரைப் பெரும்பாலும் நிறம் சொல்லிக் குறிக்கும் ஓர் ஆசிரியர், ஏழு தொகுதிகளிலும் பக்கத்துக்குப் பக்கம் வரும் நாயகியை மட்டும் குறிக்காமல் விட்டிருப்பார் என்று நம்புவது கடினம். எழுதியபோது ரௌலிங்கின் மனத்தில் இருந்தவள் வெள்ளைச் சிறுமியே என்றுதான் நூல் காட்டுகிறது. அதனால் டுமெஸ்வேனி அந்த வேடத்தை ஏற்றதற்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. நாடக மேடைக்கு நூலின் அனுமதிச் சீட்டு தேவையில்லை; 2017இல் அந்த நடிப்புக்காக அவருக்கு ஒலிவியே விருது கிடைத்தது. அனுமதியைப் பழைய வாக்கியங்களில் தோண்டி எடுக்க முயன்றதுதான் வீண்வேலை.

ஆண்டனி கோல்ட்ஸ்டைன் விஷயம் வேறு மாதிரி. ஹாக்வார்ட்ஸில் யூதர்கள் இருந்தார்களா என்று 2014 டிசம்பரில் கேட்டவருக்கு, ரேவன்கிளா இல்லத்து ஆண்டனி யூதன் என்று ரௌலிங் பதில் சொன்னார். அது குடும்பப் பெயரே உணர்த்தியதுதான். மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையே பரவலான பெயர் அது. ஆசிரியரின் கூற்று நூலோடு பொருந்தும்போது சச்சரவு எழுவதில்லை. 2018இல் வந்த திரைப்படத்தில் வில்லன் வோல்டமார்ட்டின் பாம்பு நாகினி ஒரு காலத்தில் சாபத்துக்கு ஆளான பெண் என்று காட்டி, கொரிய நடிகை கிளாடியா கிம்மை நடிக்கவைத்தது அதற்கு நேர் எதிர். ஏழு நாவல்களிலும் நாகினி பாம்பு மட்டுமே. வெள்ளையர் ஒருவரின் வளர்ப்பு விலங்காக ஆசியப் பெண்ணைக் காட்டுவதா என்ற கேள்விக்கு, நாகர் கதைகள் இந்தோனேசியத் தொன்மத்தில் உள்ளவை என்று ரௌலிங் விளக்கினார். வேம்படியில் நாகக்கல்லுக்குப் பால் ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த விளக்கம் அரைகுறையாகவே பட்டிருக்கும். நாகர் கதைகள் இந்து சமயத்தோடும் பௌத்தத்தோடும் கடல் கடந்து ஜாவாவுக்குப் போனவை.

திரைப்படங்களின் நடிகர் தேர்வு வம்சாவளிக் கேள்வியைப் பெரும்பாலும் தோராயமாகவே கையாண்டது. 2005ஆம் ஆண்டுப் படம் முதல் பாட்டீல் சகோதரிகளாக வந்த ஷெஃபாலி சௌத்ரி, அஃப்ஷான் ஆசாத் இருவரும் வங்கதேசக் குடும்பத்தவர். மராத்தியோ கன்னடமோ யாருக்கும் தேவைப்படவில்லை, தெற்காசிய முகம் போதுமானதாக இருந்தது. ஹாரியின் வகுப்புத் தோழி லாவெண்டர் பிரௌன் இரண்டாம், மூன்றாம் படங்களில் வசனம் இல்லாத கறுப்பினச் சிறுமி. ஆறாம் படத்தில் ரானின் காதலியாக முக்கியத்துவம் பெற்றதும் வெள்ளை நடிகை ஜெஸ்ஸி கேவ் அந்த இடத்துக்கு வந்தார். நாவல்களில் லாவெண்டரின் நிறம் சொல்லப்படவில்லை, ஆகவே நூலுக்கு முரண் என்று சொல்ல வழியில்லை. பாத்திரம் பெரிதானபோது நிறம் மாறியது என்ற உண்மை மட்டும் நிற்கிறது. புதிய தொலைக்காட்சித் தொடரில் ஹாக்வார்ட்ஸ் ஆசிரியர் ஸ்னேப்பாக, கானா வழிவந்த பிரிட்டிஷ் நடிகர் பாப்பா எஸ்ஸீடு நடிப்பார் என்று 2025 ஏப்ரலில் அறிவித்தபோது பழைய வாதங்கள் அப்படியே திரும்பின. ஆனால் ஸ்னேப்புக்கு நூலில் தோல் வருணனை உண்டு: வெளிறிய மஞ்சள் பூத்த தோல்.

நூல் தெளிவாகச் சொன்னாலும் வாசகர் காதில் விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சூசன் காலின்ஸின் பசி விளையாட்டு நாவலில் ரூ என்ற சிறுமிக்குக் கரும்பழுப்புத் தோல் என்று 2008லேயே அச்சில் இருந்தது. 2012இல் கறுப்பினச் சிறுமி அமாண்ட்லா ஸ்டென்பெர்க் திரையில் வந்தபோது, ஏமாற்றிவிட்டதாகக் கோபப்பட்டவர்கள் அந்த நாவலைப் படித்தவர்களே. அர்சுலா லெ குவின் 1968இல் எர்த்ஸீ வரிசையைத் தொடங்கியபோது இலக்கணத்தையே திருப்பிப் போட்டார். அவருடைய உலகில் செம்பழுப்பும் கறுப்பும் இயல்பான நிறங்கள். வெள்ளைத் தோல் கொண்டவர்கள்தான் தொலைவில் இருக்கும் முரட்டு இனம். நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன் என்பதை வாசகர் அவனோடு ஒன்றிய பிறகே மெல்ல வெளியிட்டார். அப்படியும் அட்டை ஓவியர்கள் அவனை வெளுக்க வைத்தார்கள். 2004இல் தொலைக்காட்சித் தொடரும் வெள்ளை நடிகரையே கெட் ஆக்கியது. லெ குவின் அதைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார்.

இந்திய வழிவந்த ஹாரியை வரையும் ஓவியர்கள் இப்போது ஏராளம். கலைந்த கறுப்பு முடி தந்தையிடமிருந்து வந்தது, பச்சைக் கண் தாயிடமிருந்து. பெரியம்மா, பெரியப்பா வீட்டில் படும் இழிவுக்கும் அந்த வாசிப்பில் ஒரு புதுக் காரணம் கிடைத்துவிடுகிறது. நாவல்களில் இதை நேரடியாக மறுக்கும் வரி ஒன்றும் இல்லை. மேலே கண்ட இலக்கணம் மட்டுமே எதிராக நிற்கிறது. ரௌலிங் பின்னாளில் எழுதிய குடும்ப வரலாறு பாட்டர் வம்சத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்டின்ச்கோம் கிராமத்தில் வாழ்ந்த லின்ஃப்ரட் என்ற மூலிகை வைத்தியர்வரை கொண்டுசெல்கிறது. அந்த வரலாறும் பெரும்பாலும் ஆண் வழியையே பின்தொடர்கிறது. ஹாரியின் தாத்தா ஃப்ளீமாண்ட் பற்றிப் பத்தி கணக்கில் செய்தி உண்டு. பாட்டி யூஃபீமியாவின் பிறந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஓவியர்களுக்கு அந்த இடைவெளி போதும்.